கதவடியில் ஒரு கோடு

எனக்கு வேலையே கோடு போடுவதுதான். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், நில அளவை அலுவலகத்தில் நான் வரைவாளர். சர்வேயர்கள் வயலில் அளந்துகொண்டு வருவதை வைத்து, யார் நிலம் எங்கே முடிகிறது என்று படம் வரைந்து கொடுப்பேன். முன்பு காகிதத்தில், இப்போது கம்ப்யூட்டரில். கோடு நேராக இல்லையென்றால் எனக்குக் கோபம் வரும். எனக்கு எதற்கும்தான் கோபம் வரும், அது வேறு விஷயம்.

அதனால் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து நிலம் ஒன்றின் வரப்புக் கோடு திரையில் நடுவே புடைத்துக்கொண்டு நின்றபோது, அந்த அளவைக் கொண்டுவந்த சர்வேயரை நான் சும்மா விடவில்லை.

"என்னா சார் இது? வரப்பு எலியை முழுங்கின பாம்பாட்டம் இருக்குது?"

அவர் குனிந்து பார்த்தார். "நேராத்தானே மேடம் இருக்குது."

"என்கிட்டயே சொல்றீங்களா?"

அவர் மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்துத் திரையின் மேல் வைத்தார். ஸ்கேலும் வளைந்தது. இரும்பு ஸ்கேல் எப்படி வளையும்? பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினேன். புடைப்பும் கூடவே நகர்ந்தது. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கோளாறு கோட்டில் இல்லை, என் வலது கண்ணில்.

என் இடது கண் போனதும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்போது, பவர் கூடியிருக்கும் என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ரத்தம் கசிந்து தழும்பாகிப் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது அந்தக் கண்ணால் பார்த்தால் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். இதுவும் போனால் கோடு மட்டுமா போகும்? சோற்றில் கிடக்கும் கறிவேப்பிலையைக்கூட இன்னொருவர்தான் எடுத்துப் போடவேண்டும்.

சென்னையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டுப் பார்த்தார்கள், அடங்கவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டர் அம்மா, சின்ன வயசுதான், என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"விழித்திரைக்குப் பின்னாடி ரத்தக் குழாய் முத்து முத்தா வீங்கி ஒழுகுது. இனிமே வெளிச்ச சிகிச்சை பண்ணிடலாம். கையில ஒரு மருந்து ஏத்துவோம். இருட்டுல அது சாது. ரத்தத்தோட உடம்பு பூரா போகும். ஆனா அந்தக் கெட்ட குழாயோட சுவர்ல இருக்கிற செல்லுங்கள்ல ஜாஸ்தியா போய் ஒட்டிக்கும். அந்த இடத்துல மட்டும் சிவப்பு லேசரைக் காட்டுவோம். வெளிச்சம் பட்டதும் மருந்து முழிச்சுக்கும். பக்கத்துல இருக்கிற ஆக்சிஜனை உசுப்பி விடும். உசுப்பேறின ஆக்சிஜன் அந்தச் செல்லைத் தாக்கும், குழாய் அடைஞ்சிடும்."

"உடம்பு பூரா போகும்னா, மத்த இடத்துல வெளிச்சம் பட்டா?"

"அதான் அஞ்சு நாளைக்கு வெயில் ஆகாது. பட்டா தோல் வெந்து கொப்புளம் வந்துடும்."

கொப்புளம் என்ற சொல்லைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "தினமும் ஜன்னல் கம்பியைப் பாருங்க. வளைஞ்சு தெரிஞ்சா பயப்படாதீங்க, அது அடங்க நாளாகும். ஆனா நடுவுல கருப்பா திட்டு விழுந்தாலோ, கம்பி அறுந்த மாதிரி தெரிஞ்சாலோ, உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். ஒரு நாள்கூட தள்ளாம வந்துடணும். இது உங்களுக்கு ஒத்தைக் கண்ணு."

மருந்து கரும்பச்சையாக இருந்தது, கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி. ஏற்றும்போது நரம்பு நழுவி, கொஞ்சம் தோலுக்கடியில் இறங்கிவிட்டது. நர்ஸ் உடனே பார்த்துவிட்டார். நிறுத்தி, அடுத்த கையில் ஏற்றி, இறங்கின இடத்தில் கருப்புத் துணியைச் சுற்றினார். "இந்த வீக்கமும் பச்சையும் போற வரைக்கும் இதைப் பிரிக்கவே கூடாது" என்றார். பிறகு லேசர். கண்ணுக்குள் சிவப்பாக ஒரு வட்டம், அவ்வளவுதான். வலியே இல்லை. வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெளியே வந்தபோது சொட்டு மருந்தில் கண் மங்கி, தலை கனத்துக் கிடந்தேன். வீட்டில் எப்படி இருக்கவேண்டும் என்று நர்ஸ் என் வீட்டுக்காரரிடம் நிதானமாக, விவரமாகத்தான் சொன்னார். அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார். அவர் காதில் விழுந்தது 'வெளிச்சம்', 'கொப்புளம்' என்ற இரண்டு வார்த்தைதான் என்பது பிறகு தெரிந்தது.

அவருடைய முழுக்கைச் சட்டை, கையுறை, சாக்ஸ், தொப்பி, கருப்புக் கண்ணாடி என்று என்னைத் திருடன் மாதிரி மூடிக் காரில் ஏற்றினார். ஜன்னலுக்கெல்லாம் புடவை கட்டியிருந்தது. செஞ்சி தாண்டும்போது பொழுது போய்விட்டது. கீழ்பென்னாத்தூரில் கார் நின்றது. என் நாத்தனார் ஒரு பையுடன் ஏறிக்கொண்டார்.

நாத்தனார் என்றால் அவருடைய அக்கா. வேர்க்கடலை போட்டுத் தனியாக விவசாயம் பார்க்கிறவர். அம்மா இல்லாத தம்பியை அவர்தான் வளர்த்தார். எனக்கு மாமியார் இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு என்றால் அது பாதி சண்டைதான். பை என் மடியில் இடித்தது. வேப்பிலை வாசம் வந்தது.

"இது எதுக்கு அண்ணி?"

"நீ பேசாம வாம்மா. தம்பி போன்ல எல்லாம் சொல்லிட்டான்."

தம்பி என்ன சொன்னார் என்பது வீட்டுக்கு வந்த பிறகு விளங்கியது. உடம்பு பூரா உள்ளே இருக்கிறது, வெளிச்சம் ஆகாது, கொப்புளம் வரும், வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. இதைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்மணிக்கும் ஒன்றுதான் தோன்றும். வாசல் நிலையில் வேப்பிலை செருகப்பட்டது. சமையலறையில் தாளிப்பு நின்றது. எனக்குக் கூழும் இளநீரும் என்று முடிவானது. எனக்கு அம்மை போட்டிருப்பதாக வீடே நடந்துகொண்டது.

"எனக்கு அம்மையெல்லாம் கிடையாது அண்ணி! இது மருந்து!"

"வாயில போட்டுக்கோ. ஆத்தா காதுல விழப்போவுது. ஊசில வந்தா இன்னா, ஊருக்குள்ள வந்தா இன்னா, ஆத்தா ஆத்தாதான்."

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவரைச் சொல்லியும் குற்றமில்லை. என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதில் அம்மை கண்டு, பிழைக்கமாட்டான் என்று ஊரே சொன்னபோது, இருட்டு அறையில் வைத்து, சொறியாமல் இருக்கக் கையைத் துணியால் கட்டி, பக்கத்திலேயே கிடந்து காப்பாற்றியவர் அவர். மூக்கின் இடது பக்கத்தில் ஒரே ஒரு குழி மட்டும் மிச்சம். அந்தக் குழியை நான் பார்த்துச் சில மாதம் ஆகியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் எனக்குப் புடைப்புதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் டவுனில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். திருவண்ணாமலையில் பாதி வீட்டில் எரிவது அவர் விற்ற பல்புதான் என்று பெருமை அடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் என் அறையில் ட்யூப்லைட்டைக் கழற்றினார், நைட் லேம்ப்பைக் கழற்றினார், ஜன்னலில் கம்பளியை ஆணி வைத்து அடித்தார், கதவை வெளியே தாழ் போட்டார். என் போனில் வெளிச்சம் வருகிறது என்று அதையும் வாங்கிக்கொண்டார். சமையலறையில் பிரிட்ஜைத் திறந்தால் எரியுமே ஒரு சின்ன பல்பு, அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

முதலில் நான் இதற்கெல்லாம் உடன்பட்டேன். எனக்கும் பயம்தான். கொப்புளம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே. படுத்துக் கிடந்தேன். வெளியே பால்காரர் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, மணியடிக்காமல் பாக்கெட்டைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அம்மா கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே "ஆத்தா நல்லபடியா இறங்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாராம்.

ஜன்னல் கம்பி ஞாபகம் வந்தபோதுதான் பயம் வேறு பக்கம் திரும்பியது. தினமும் பார்க்கச் சொன்னார்களே, எதைப் பார்ப்பது? கையை முகத்துக்கு நேரே வைத்தேன். தெரியவில்லை. கண்ணை மூடினேன், திறந்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தது. அறை இருட்டாக இருக்கிறதா, என் கண் இருட்டாகிவிட்டதா? கண்ணுக்கு முன்னால் கருஞ்சிவப்பாக ஏதோ மிதப்பது போலிருந்தது. அது லேசர் விட்ட மிச்சமா, ரத்தமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அரள்வதற்கும் ஒரு கண்தான் இருந்தது. மனசுக்குள் ஓவென்று கத்தினேன்.

"என்னாங்க! ஒரே ஒரு நிமிஷம் கதவைத் திறங்க. ஒரு கோட்டைப் பாத்துட்டு மூடிக்கிறேன்."

கதவுக்கு வெளியே அவர் குரல் உடைந்து வந்தது. "வேணாம்மா. ஒத்தைக் கண்ணுன்னு டாக்டரே சொன்னாங்க. அஞ்சு நாளு பல்லைக் கடிச்சுக்கோ. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?"

அவர் அழுகிறார் என்று தெரிந்தது. அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள்தான் அதைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிக்கச் சொம்பைத் தேடித் தரையில் தடவியபோது, கதவுக்கடியில் மெல்லிசாக வெளிச்சம் தெரிந்தது. கூடத்து வெளிச்சம். கதவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. என் ஆயுசில் எத்தனை கோடு பார்த்திருப்பேன். எதற்காகவும் நான் தரையில் விழுந்ததில்லை.

குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். கோடு புடைத்திருந்தது. சரி, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நடுவில் அறுந்திருந்தது. ஒரு சாண் அளவுக்குக் கோடே இல்லை. கருப்பு.

சர்வேயர் ஸ்கேல் வைத்தது ஞாபகம் வந்தது. பார்வையை நகர்த்திப் பார்க்கவேண்டும். கருப்பும் கூடவே நகர்ந்தால் அது கண்ணுக்குள் இருக்கிறது, ரத்தம். நகராமல் நின்றால் வெளியே இருக்கும் ஏதோ ஒன்று. மெதுவாகப் பார்வையை இடது பக்கம் கொண்டுபோனேன்.

"அய்யய்யோ, இங்க வெளிச்சம் போவுது பாரு!" என்று நாத்தனார் குரல் கேட்டது. ஈரச்சாக்கு ஒன்று சரசரவென்று கதவடியில் திணிக்கப்பட்டது. கோடு மொத்தமும் போய்விட்டது.

"அண்ணி! எடுங்க! எடுங்கன்றேன்! நான் பாத்துக்கினு இருக்கேன்!"

"பாக்கக்கூடாதுன்னுதாண்டி வெச்சேன்!"

கதவை இரண்டு கையாலும் அடித்தேன். அன்றைக்கு அவரை என்னென்ன திட்டினேனோ, எழுத முடியாது. "திட்டு, திட்டு, ஆத்தா திட்டுறதுன்னு நெனச்சுக்கிறேன்" என்ற முனகல் மட்டும் வந்தது. அன்று முழுக்க அந்தக் கருப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ரத்தம்தான் என்று ஒரு மனசு. இல்லை என்று சொல்ல இன்னொரு மனசுக்குத் தைரியம் இல்லை. ரத்தமாக இருந்தால் இந்நேரம் நான் சென்னையில் இருக்கவேண்டும்.

மூன்றாம் நாள் நாத்தனார் கதவைத் திறக்காமலே சொன்னார். "இன்னிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தறோம். ஊத்திட்டா ஆத்தா இறங்கிடுவா."

அம்மைக்குத் தண்ணீர் ஊற்றும் முறை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அண்டாவில் தண்ணீர் பிடித்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, அடுப்பில் வைக்காமல் வெயிலில் காயவைப்பார்கள். வெதுவெதுப்பான பிறகு வெளியிலேயே உட்காரவைத்து ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் சாக்கடையில் போகக்கூடாது, செடி வேருக்குத்தான் போகவேண்டும். எங்கள் வீட்டில் செடி என்றால் கொல்லையில் ஒரு முருங்கை மரம். தண்ணீர் காய்ந்து முடியும்போது அங்கே வெயில் சுள்ளென்று இருக்கும்.

வெயில் ஆகாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொல்லையில் துணி காயப்போடும் கொடிக்கம்பி இருக்கிறது, சுவரிலிருந்து மரம் வரை நேராக இழுத்துக் கட்டியது. தோல் வெந்தால் வேகட்டும், ஒரே ஒரு தடவை அந்தக் கம்பியைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் பெரிதாகப் படவில்லை.

என் வீட்டுக்காரர் இளநீர் வாங்கப் போயிருந்தார். நாத்தனார் என் தலைமேல் போர்வையைப் போட்டு மூடி, தோளைப் பிடித்துக் கொல்லைக்கு நடத்திக்கொண்டு போனார். துணிதுவைக்கும் கல்லின்மேல் உட்காரவைத்தார். "இது எதுக்கு, நனஞ்சிடும்" என்று என் கையில் சுற்றியிருந்த கருப்புத் துணியைப் பிரித்தார். நான் போர்வையை விலக்கி நிமிர்ந்து பார்த்தேன்.

வெள்ளை. எல்லாமே வெள்ளை. இருட்டிலேயே கிடந்த கண்ணுக்குக் கம்பியும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்க்க முயன்றேன். அதற்குள் கையில், மருந்து கசிந்த அந்த இடத்தில், கொதிக்கிற எண்ணெய் தெறித்த மாதிரி பிடித்துக்கொண்டது. ஊதினேன், தேய்த்தேன், நிற்கவில்லை. எரிச்சல் முழங்கை வரைக்கும் ஏறியது.

"எரியுது அண்ணி! ஐயோ, எரியுது!"

அவர் என் கையைப் பார்த்தார். அடுத்த கணம் சொம்பு எங்கோ விழுந்து உருண்டது. தன் முந்தானையை என்மேல் போட்டு, தன் உடம்பாலேயே என்னை மூடி, இடுப்பைக் கட்டி ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். வாசப்படியில் இருவரும் விழுந்தோம். நான் அவர்மேல் விழுந்தேன். அவருக்கு முழங்கால் பெயர்ந்ததை அவர் அப்போது சொல்லக்கூட இல்லை.

இளநீரோடு வந்த என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்த நர்ஸின் குரல் வந்தது. முதலில் கையைப் பற்றிக் கேட்டார். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வைக்கச் சொன்னார், மேலே மூடச் சொன்னார், கொப்புளம் எழும்பினால் உடைக்கக்கூடாது என்றார். பிறகு, "வீட்டுக்குள்ள எப்படி இருக்காங்க? லைட் போட்டிருக்கீங்கதானே?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம்!" என்றார் இவர் பெருமையாக. "ஒரு பொட்டு வெளிச்சம் விடல. பிரிட்ஜ் பல்பைக்கூட கழட்டிட்டேன்."

அந்தப் பக்கம் குரல் மாறியது.

"சார், நான் என்ன சொல்லி அனுப்பினேன்? வெயில் கூடாது, கண்ணு கூசற பெரிய லைட் கூடாது. ஆனா இருட்டுல வைக்காதீங்க, சாதாரண வீட்டு வெளிச்சத்துல உக்காரட்டும்னு ரெண்டு தடவ சொன்னேனே."

"வெளிச்சம் பட்டா கொப்புளம் வரும்னீங்களே?"

"மருந்து தோல்ல இருக்கிற செல்லுக்குள்ளயும் உக்காந்திருக்கு சார். அதுல கொஞ்சத்தை உடம்பே வெளியேத்திடும். மிச்சத்தை உடைக்கறது வெளிச்சம்தான். வெளிச்சம் பட்டா அது ஆக்சிஜனை உசுப்பி விடுதுல்ல, அந்த ஆக்சிஜன் செல்லை மட்டும் தாக்காது, உசுப்பி விட்ட மருந்தையே தாக்கி உடைச்சிடும். உடைஞ்ச மருந்துக்குப் பச்சையும் கிடையாது, வேகமும் கிடையாது. சரவெடியை மொத்தமா கொளுத்தினா வீடு தாங்குமா? பிரிச்சு ஒண்ணொண்ணா கொளுத்தினா புஸ்ஸுன்னு போயிடும்ல? வெயில்னா மொத்தமா வெடிக்குது, செல்லு தாங்காது. வீட்டு லைட்டுல ஒண்ணொண்ணா உடையும், செல்லு அதைச் சமாளிச்சுக்கும். இருட்டுல ஒண்ணுகூட உடையாது. நீங்க இத்தனை நாளா வெடியைப் பத்திரமா வெச்சு காப்பாத்தி இருக்கீங்க."

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் போனைப் பிடுங்கினேன். "எனக்குக் கோடு அறுந்து தெரிஞ்சுது சிஸ்டர். கருப்பா. ரத்தமா?"

"லைட்டைப் போட்டு, ஜன்னல் கம்பியைப் பாத்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அறைக்குப் போனோம். ஜன்னலின் மரக்கதவு வெளியே சாத்தியே இருக்க, கம்பளியை மட்டும் பிடுங்கினார் இவர். ஸ்டூல்மேல் ஏறி ட்யூப்லைட்டை மாட்டினார். ஆயிரம் வீட்டுக்கு லைட் போட்ட மனுஷன், அதை இரண்டு முறை நழுவவிடப் பார்த்தார். ஸ்விட்சைப் போட மட்டும் யாரும் போகவில்லை. படித்தவள் நான், எனக்கும் விஷயம் விளங்கிவிட்டது, ஆனால் கை போகவில்லை. கொப்புளத்துக்காக இல்லை. இதுவரை தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்துவிடும் என்பதற்காக.

"தள்ளு" என்றார் நாத்தனார். நொண்டிக்கொண்டே போனார். ஒரு கையால் என் நல்ல கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வர்றது என் கைக்கும் சேத்து வரட்டும்" என்று சொல்லி ஸ்விட்சைத் தட்டினார்.

ட்யூப்லைட் கண்ணடித்துக் கண்ணடித்து எரிந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். கம்பி இருந்தது. நடுவில் புடைத்துக்கொண்டுதான் இருந்தது, பழைய புடைப்பு, பழைய அளவு. மேலிருந்து கீழே வரை பார்வையை இறக்கினேன். அறுபடவில்லை. எந்த இடத்திலும் அறுபடவில்லை. அடுத்த கம்பியைப் பார்த்தேன். அதற்கடுத்த கம்பியைப் பார்த்தேன்.

"வளைஞ்சிருக்கு சிஸ்டர். வளைஞ்சுதான் இருக்கு!" என்று கத்தினேன். கோடு வளைந்திருக்கிறது என்று சந்தோஷத்தில் கத்தியது என் ஆயுசில் அன்றைக்குத்தான்.

"கருப்பு?"

"இல்ல. கருப்பு இல்ல."

அப்படியானால் கதவடியில் பார்த்தது என்ன? "அண்ணி, நேத்து சாக்கு வெச்சீங்களே, அதுக்கு முன்னாடி கதவாண்ட என்னா இருந்துச்சு?"

"என்னா இருந்துச்சு? நான்தான் இருந்தேன். கதவுல சாஞ்சு குந்திக்கினு இருந்தேன். நீ உள்ள தனியா கெடக்கறியேன்னு."

கோட்டை மறைத்தது அவர்தான். அவர் முகத்தைப் பார்த்தேன். நடுவில் புடைத்துக்கொண்டு, மூக்கும் கண்ணும் இழுபட்டுத் தெரிந்தது. அழுதிருந்தாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டிக்கொண்டேன். தோள் ஈரமானபோதுதான் தெரிந்தது.

மிச்ச நாட்களில் ட்யூப்லைட்டின் கீழே உட்கார்ந்துகொண்டு கடுகு தாளித்த சட்னியோடு இட்லி தின்றேன். திரை போட்ட ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார்ந்து பேப்பர் பார்த்தேன். தோலுக்குள் மருந்து ஒன்றொன்றாக உடைந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். கையில் எழும்பின கொப்புளம் ஆற நாள் பிடித்தது. நாத்தனார் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கல்லைப் பார்க்காமல் போனார். வேப்பிலையை அவரே எடுத்துவிட்டார். முழங்கால் சரியானதும் ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினார். "கண்ணு தெரியாதவ கையில பொறுப்பைக் குடுத்தா இப்படித்தான்" என்று தன்னையே சொல்லிக்கொண்டார். இருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

சில மாதம் கழித்துச் சோதனைக்குப் போனோம். விழித்திரைக்கு அடியில் நீர் வற்றிவிட்டது என்று டாக்டர் படத்தைக் காட்டினார். வரும் வழியில் கீழ்பென்னாத்தூரில் நாத்தனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நல்ல வெயில். அவர் களத்தில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கக்கூடப் பயந்துகொண்டு, மோர் கொண்டுவர எழுந்தார்.

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்.

"என்னா அப்படிப் பாக்கற?" என்றார் அவர்.

"உங்க மூக்குல குழி தெரியுது."

நாத்தனார் நின்றார். திரும்பி வந்து, தம்பியின் தாடையைப் பிடித்து, சின்னப் பையன் முகத்தைத் திருப்புவது போல வெயில் பக்கம் திருப்பினார்.

"எங்க, காட்டு. எது?"

தொட்டுக் காட்டினேன்.

"அதான். அது ஒண்ணுதான்" என்றார். "கையைக் கட்டி வெச்சிருந்தேன், நான் கண்ணசந்தப்ப அவுத்துக்கினு சொறிஞ்சிட்டான். மத்ததெல்லாம் காப்பாத்திட்டேன்."

"ஆமாம் அண்ணி" என்றேன். "தெரியுது."